வழித்துணை

நெடுவழி செல்வோருக்கு முதலில் வேண்டுவது துணை என்பது நம்மவர் கொள்கை. வழித்துணை என்று ஒரு சொல்லையே தமிழ் ஆக்கி வைத்திருக்கிறது. ஊரில் ஒருவர் தூரப் பயணம் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டால், "ஆர் கூடப் போகினம்?" என்பதே முதற் கேள்வியாக எழும், எங்கே போகிறார், எதற்காகப் போகிறார் என்பனவெல்லாம் அதற்குப் பின்னரே. விடுமுறைக் காலம் வந்துவிட்டால் ஒரு வண்டியை ஒழுங்கு செய்வதும், அதில் உற்றார் உறவினர் அனைவரும் நெருக்கிக்கொண்டு அமர்வதும், கட்டுச்சோற்றை மடியில் வைத்துக் காப்பதும் நாம் நன்கு அறிந்த காட்சிகள். ஒருவர் தன்னந்தனியே, வாரக்கணக்காக, ஆயிரக்கணக்கான மைல் செல்லப் போவதாகச் சொன்னால், அவருக்கு வீட்டில் ஏதேனும் மனக்கசப்போ என்றே அயலார் ஐயுறுவர்.

அந்த ஐயம் முற்றிலும் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும், கூட்டத்தோடு செல்பவன் தன் கூட்டத்தையே கண்டு திரும்புகிறான், சென்ற நாட்டைக் காண்பதில்லை என்று எண்ணித் தனியே புறப்பட்டவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக். 1960ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் தம் நாட்டைச் சுற்றி ஏறத்தாழப் பத்தாயிரம் மைல் சென்ற பயணமும், அதைப்பற்றி அவர் எழுதிய நூலும், அந்நூலின் மெய்மை குறித்துப் பல்லாண்டுகளுக்குப் பின்னர் எழுந்த வழக்கும் நேயர்களின் சிந்தனைக்கு உரியவை. தனியே செல்வது என்றால் என்ன, தனியே செல்ல உண்மையில் எவரால் முடியும் என்னும் இரு வினாக்களை அவை நம் முன் வைக்கின்றன.

ஸ்டைன்பெக் 1902ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள சலீனாஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். நிலமிழந்து மேற்கு நோக்கிப் பெயர்ந்த ஏழை உழவர் குடும்பமொன்றின் கதையாகிய 'கோபத்தின் கனிகள்' என்னும் நாவலை 1939இல் வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தியவர். அக்கதையே ஒரு நெடுஞ்சாலையின் கதை. பழைய மோட்டார் வண்டியொன்றில் தட்டுமுட்டுச் சாமான்களையும் முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்லும் மக்களின் துயரத்தை அவர் அதிலே வடித்தார். அத்தகைய எழுத்தாளருக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் ஒரு குற்றவுணர்வு உண்டாயிற்று. அவர் பல ஆண்டுகளாக நியூ யோர்க்கில் வாழ்ந்துவந்தார். வெளிநாடுகளிலும் அடிக்கடி தங்கினார். கால் நூற்றாண்டாகத் தம் நாட்டின் மண்ணை மிதிக்காமல், நினைவையும் செய்தித்தாள்களையும் மட்டும் துணையாகக் கொண்டு அந்நாட்டைப்பற்றி எழுதிவருவது நேர்மையாகாது என்று அவருக்குத் தோன்றியது.

மற்றொரு காரணமும் இருந்தது. 1959ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கடுமையாக நோயுற்றார். நோயிலிருந்து எழுந்தவரை வீட்டாரும் நண்பரும் மெல்லப் பேசு, மெல்ல நட, பாரம் தூக்காதே என்று எச்சரிக்கத் தொடங்கினர். அன்பினாற் கூறப்பட்ட அறிவுரைகள்தாம் அவை. ஆனால் அவ்வாறு பஞ்சிலே பொதிந்து வைக்கப்பட்ட ஆடவர் பலர் வயதேறிய குழந்தைகளாக மாறிவிட்டதை அவர் கண்டிருந்தார். வாழ்நாளைச் சிறிது நீட்டிக்கொள்வதற்காக வாழ்வின் வேகத்தைக் கைவிட அவர் உடன்படவில்லை. எனவே அவருடைய பயணம் நாட்டை அறியும் முயற்சி மட்டுமன்று. தாம் இன்னும் பிறர் உதவியின்றி நிற்கக்கூடிய மனிதரே என்று தமக்குத்தாமே காட்டிக்கொள்ளும் முயற்சியுமாகும். தனிவழி செல்வோர் பலருடைய உள்ளத்திலும் இந்த இரண்டாவது காரணம் மறைந்து நிற்பதுண்டு.

பயணத்துக்கென அவர் ஒரு புதிய ஜீ.எம்.சீ. சிற்றுந்து லொறியை வாங்கினார். அதன் பின்புறத்தில், கப்பலொன்றின் அறையைப் போன்று, படுக்கையும் அடுப்பும் மேசையும் குளிர்பெட்டியும் கொண்ட ஒரு சிறு வீடு அமைக்கப்பட்டது. அவ்வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரொசினான்டே. ஸ்பானிய இலக்கியத்தில் டொன் கிஹோத்தே என்னும் வீரன் உலகைத் திருத்தப் புறப்பட்டபோது ஏறிச்சென்ற மெலிந்த குதிரையின் பெயர் அது. தம் பயணத்தைக் கண்டு தாமே நகைத்துக்கொள்ளும் மனநிலை அவருக்கு இருந்தது என்பதை அப்பெயர் காட்டுகிறது.

செப்டெம்பர் 12ஆந் திகதி 'டொனா' என்னும் பெரும்புயல் அவர் கோடைக்காலத்தில் வசித்த சாக் ஹாபர் துறைமுகத்தைத் தாக்கியது. அலைகளுக்கிடையே தம் படகைக் காக்க அவர் கொந்தளிக்கும் நீரில் இறங்கினார். அதனைக் கண்டு வீட்டார் கொண்ட அச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. புயல் ஓய்ந்தபின், செப்டெம்பர் 23ஆந் திகதி, அவர் புறப்பட்டார். தனியே போகிறேன் என்று கூறியவர் ஒரு துணையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். அத்துணை ஒரு நாய்.

சார்லி என்னும் அந்த நாய் பிரான்சு தேசத்திற் பிறந்த பூடில் இனத்தது. அப்போது அதற்கு வயது பத்து. அதன் முன்பற்கள் கோணலாக அமைந்திருந்தமையால், வேண்டியதைக் கேட்கும்போது உதட்டில் ஒரு விசித்திர ஒலி எழும் என்று எழுத்தாளர் வேடிக்கையாக எழுதுகிறார். சார்லியின் பெரும்பயன் வேறொன்று. புதிய ஊரொன்றில் வண்டியை நிறுத்தினால், முதலில் நாயை இறக்கி விடுவார். அது அங்குள்ளோரிடம் சென்று உலாவும். சற்று நேரங்கழித்து இவர் சென்று, நாய் தொந்தரவு செய்துவிட்டதோ என்று மன்னிப்புக் கேட்பார். அவ்வளவில் உரையாடல் தொடங்கிவிடும். அந்நியன் ஒருவனை ஐயத்தோடு நோக்குகின்ற மனிதர், அவனுடைய நாயை அவ்வாறு நோக்குவதில்லை என்பது அவர் கண்ட உண்மை.

அவர் முதலில் வடக்கு நோக்கிச் சென்று மேய்ன் மாநிலத்தின் உச்சிப் பகுதியை அடைந்தார். அது உருளைக்கிழங்கு விளையும் நாடு. அறுவடைக் காலத்தில் கனடாவின் கியூபெக் பகுதியிலிருந்து பிரெஞ்சு மொழி பேசும் குடும்பங்கள் கூலிவேலைக்காக எல்லை கடந்து வருவதுண்டு. ஓர் ஏரிக்கரையில் தங்கியிருந்த அத்தகைய குடும்பமொன்றை அவர் தம் வண்டிக்கு அழைத்து உபசரித்தார். முன்னர் ஒருபோதும் சந்தித்திராதவரும், பின்னர் ஒருபோதும் சந்திக்கப் போகாதவருமான அம்மக்கள், அந்தச் சிறிய அறையில் நெருக்கிக்கொண்டு அமர்ந்து ஓரிரவு மகிழ்ந்திருந்தனர். கூட்டத்தோடு சென்றிருந்தால் அந்த விருந்து நிகழ்ந்திராது. தனியே செல்பவனுக்கு அருகில் எப்பொழுதும் ஓர் ஆசனம் வெறுமையாக இருக்கிறது. அதில் அமர எவரையும் அழைக்கலாம். தனிவழியின் முதற்பயன் இதுவே.

அவர் சென்ற வழிநெடுகிலும் மற்றோர் அனுபவம் மீண்டும் மீண்டும் வந்தது. வண்டியைப் பார்க்க வந்த மாந்தர், அதன் உள்ளே எட்டிப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர், எங்கே போகிறீர் என்று வினவுவர். பின்னர் அவர்கள் முகத்தில் ஓர் ஏக்கம் தோன்றும். தாமும் இவ்வாறு புறப்பட்டுவிட வேண்டும் என்னும் ஏக்கம் அது. எங்கேயாவது ஓரிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பதைவிட, இருக்கும் இடத்தைவிட்டு அகல வேண்டும் என்பதே அவர்களின் வேட்கையாக இருந்தது. அமெரிக்க மக்களின் முன்னோர் பெரும்பாலும் தம் ஊர்களை விட்டு அகன்று வந்தவர்களாதலின், அவ்வேட்கை அவர்களின் இரத்தத்தில் ஊறியதோ என அவர் சிந்திக்கிறார்.

வழியில் அவர் கண்ட மாற்றங்களும் பல. 1956ஆம் ஆண்டு சட்டத்தின்படி மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் நாற்பத்தோராயிரம் மைல் நீளத்துக்கு அமைக்கத் திட்டமிடப்பட்டு, வேலைகள் நடந்துகொண்டிருந்தன. ஊர்களுக்குள் நுழையாது ஊர்களைத் தாண்டிச் செல்வன அச்சாலைகள். அவை முற்றுப்பெறும் நாளில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, இடையில் உள்ள எதனையும் காணாமலே ஒருவர் சென்றுவிடலாம் என்று அவர் கவலை கொண்டார். ஆதலால் இயன்ற வரையில் பழைய சிறு சாலைகளையே நாடினார். வானொலியும் தொலைக்காட்சியும் பரவியமையால் பிரதேசந்தோறும் வழங்கிய பேச்சுமொழி தேய்ந்து, எங்கும் ஒரே வார்ப்பான மொழி கேட்கத் தொடங்கிவிட்டது என்பதையும் அவர் குறித்துவைத்தார். வானொலிப் பேச்சைக் கேட்கும் நாமும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது.

தனிப்பயணத்தின் இடையூறுகளையும் அவர் மறைக்கவில்லை. நயாகரா அருகே கனடா நாட்டுக்குள் நுழைய முயன்றபோது, நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்ட சான்றிதழ் கைவசம் இல்லை என்பதால், உள்ளே சென்றால் திரும்பி வரும்போது தொல்லை நேரும் என்று எல்லை அதிகாரிகள் எச்சரித்தனர். அவர் வந்த வழியே திரும்பினார். ஒறிகன் மாநிலத்தில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரம் மிகுந்த வண்டியின் சக்கரம் வெடித்தது. சேற்றிற் படுத்துப் புரண்டு அவர் சக்கரத்தை மாற்றினார். ஆனால் எஞ்சியிருந்த சக்கரங்களும் நம்பத்தக்கனவாக இல்லை. கடைகள் மூடிய அந்நாளில், முரட்டுத் தோற்றமுடைய நிலையக்காரர் ஒருவர் இவருக்காக அலைந்து புதுச் சக்கரங்களைத் தேடிக் கொடுத்தார். தம் வலிமையை நிலைநாட்டப் புறப்பட்டவர், முன்பின் அறியாத ஒருவரின் கருணையாலேயே மேலே செல்ல முடிந்தது. துணையின்றிச் செல்பவன் உண்மையில் துணையை விட்டுவிடுவதில்லை. தெரிந்த துணையை விட்டுத் தெரியாத துணையை நம்பி நடக்கிறான்.

தனிமையின் கடுமையும் அவரைத் தாக்கியது. பேச ஆளின்றி நாட்கள் சென்றபோது, சிந்தனையே சுருங்கிப்போவதை அவர் உணர்ந்தார். பசி, குளிர், இதம், வலி என்னும் அளவில் உள்ளம் நின்றுவிடுகிறது. நேற்றும் நாளையும் மங்கிப்போகின்றன. சொற்கள் உதிர்ந்துவிடுகின்றன என்று அவர் குறித்துக்கொண்டார். தனிமை ஞானத்தைத் தரும் என்று நாம் பொதுவாகக் கூறுவோம். உற்றுப் பார்த்தால், சிறிதளவு தனிமை சிந்தனையைக் கூர்மையாக்குகிறது, பேரளவு தனிமை அதை மழுங்கச் செய்கிறது என்றே அவருடைய அனுபவத்திலிருந்து கொள்ளவேண்டியிருக்கிறது.

மேற்குக் கரையில் தாம் பிறந்த நாட்டை அவர் அடைந்தார். பழைய நண்பர்களைக் கண்டார். ஆனால் ஊரும் மாறியிருந்தது, அவரும் மாறியிருந்தார். அது கென்னடியும் நிக்சனும் போட்டியிட்ட குடியரசுத் தலைவர் தேர்தற் காலம். உடன்பிறந்த சகோதரிகளோடு அரசியலைப்பற்றிப் பேசத் தொடங்கிக் கசப்பிலே முடிந்தது. இறுதியில் சார்லியை அழைத்துக்கொண்டு, இளமையில் ஏறிய மலைச்சிகரத்தில் மீண்டும் ஏறி, தாம் வளர்ந்த பள்ளத்தாக்கை ஒருமுறை நோக்கிவிட்டு விடைபெற்றார். பத்தாயிரம் மைலில் அவர் மிகத் தனியராக இருந்தது பாலைவனத்திலன்று. சொந்த ஊரிலேதான் என்று தோன்றுகிறது.

நவம்பர் 24ஆந் திகதி அமெரிக்கரின் நன்றியறிதல் நாள். எங்கிருந்தாலும் குடும்பத்தோடு சேர்ந்து உண்ணவேண்டிய பெருநாளாக அதை அவர்கள் கொண்டாடுவர். அதனை அவர் டெக்ஸாஸ் மாநிலத்து அமரில்லோ நகருக்கு அண்மையிலுள்ள ஒரு மாட்டுப்பண்ணையில் கொண்டாடினார். மனைவி எலெய்ன் விமானத்தில் வந்து அங்கே சேர்ந்துகொண்டார். நோயுற்றிருந்த சார்லி அந்நகரத்து மிருக வைத்தியரிடம் விடப்பட்டது. விடுமுறையில் தனியே அலைபவனுக்கு மற்ற நாட்களெல்லாம் எளிது. பண்டிகை நாள் ஒன்றே கடினம். பிறர் வீட்டுச் சாளரங்களில் விளக்கெரிவதைக் கண்டுகொண்டே சாலையிற் செல்ல எல்லோராலும் இயலாது. அவராலும் இயலவில்லை. அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

இனி, அப்பயணத்தின் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். டெக்ஸாசிலிருந்து அவர் லூயிசியானா மாநிலத்து நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக்குச் சென்றார். அங்கே வெள்ளையர் பிள்ளைகள் மட்டும் பயின்றுவந்த வில்லியம் பிரான்ஸ் ஆரம்பப் பாடசாலையில், நீதிமன்றத்தின் ஆணைப்படி, 1960 நவம்பர் 14ஆந் திகதி கறுப்பினச் சிறுமி ஒருத்தி சேர்க்கப்பட்டிருந்தாள். அவள் பெயர் ரூபி பிரிட்ஜஸ், வயது ஆறு. நாள்தோறும் காலையில், மத்திய அரசின் காவலர் சூழ அவள் காரிலிருந்து இறங்கிப் பாடசாலை வாயிலை நோக்கி நடப்பாள். தெருவின் மறுபக்கத்தில் திரண்டு நின்ற பெண்கள் அவளை நோக்கி ஆபாசமாக ஏசுவர். அதனைக் கண்டு மகிழ ஒரு கூட்டம் கூடும். ஸ்டைன்பெக் அக்கூட்டத்தில் நின்று யாவற்றையும் பார்த்தார். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட முடியாத வசைமொழிகளை நேரிற் கேட்டபோது தமக்குக் குமட்டல் எடுத்ததாக எழுதினார்.

வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொண்டமையால், பாபரா ஹென்றி என்னும் ஆசிரியை அவ்வாண்டு முழுவதும் ரூபி ஒருத்திக்கே பாடம் சொல்லிக்கொடுத்தார். வெற்று வகுப்பறையில் ஒரேயொரு மாணவி. நேயர்கள் சற்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐம்பத்தெட்டு வயதான ஒருவர் தாமே விரும்பி, தம் துணிவைச் சோதிக்கத் தனியே பத்தாயிரம் மைல் சென்றார். ஆறு வயதுக் குழந்தை ஒன்று, தான் விரும்பாமலே, கார் நின்ற இடத்திலிருந்து கதவு வரையிலான சில அடி தூரத்தை நடந்தது. இவற்றுள் எது நெடும்பயணம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எழுத்தாளரும் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அப்பகுதியில் அவர் எழுத்தின் தொனி மாறிவிடுவதே சான்று. அதன்பின் அந்நூலில் வேடிக்கை குறைந்துவிடுகிறது.

அவர் எழுத்தில் இன்னொரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. தென்பகுதிச் சாலையில் நடந்து சென்ற கறுப்பின முதியவர் ஒருவரை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். முதியவர் அஞ்சி ஒடுங்கி அமர்ந்திருந்தார். இவர் அன்பாகக் கேட்ட கேள்விகளே அவருடைய அச்சத்தை அதிகமாக்கின. வீடு அருகில்தான் என்று சொல்லி இறங்கிக்கொண்டவர், மீண்டும் நடந்தே சென்றதை இவர் கண்ணாடியிற் கண்டார். ஒரே சாலை, ஒரே வண்டி. ஒருவருக்கு அது சுதந்திரம், மற்றவருக்கு அது ஆபத்து.

இதன் பின்னணியை அறிந்துகொள்வது நன்று. நியூ யோர்க்கைச் சேர்ந்த விக்டர் கிறீன் என்னும் கறுப்பினத் தபாற்காரர் 1936ஆம் ஆண்டு முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டுவந்தார். கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எங்கே உணவு கிடைக்கும், எங்கே எண்ணெய் நிரப்பலாம் என்பனவே அதில் இருந்தன. அக்குறிப்புகள் இன்றிப் புறப்பட்டால், இரவில் தங்க இடமின்றியும், உணவுக்கு வழியின்றியும், சில ஊர்களில் உயிருக்கே பாதுகாப்பின்றியும் அவர்கள் இடர்ப்படவேண்டி இருந்தது. பொது விடுதிகளிலும் உணவகங்களிலும் நிறவேற்றுமை காட்டுவதை 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம் தடைசெய்தது. அதன்பின் ஓரிரண்டு ஆண்டுகளில் அந்நூலும் நின்றுவிட்டது. நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, நினைத்தவரோடு பேசி, மரநிழலில் படுத்துறங்கிச் செல்லும் தனிவழி இன்பம், 1960இல் அந்நாட்டு மக்கள் எல்லோருக்கும் கிட்டிய ஒன்றன்று. தனியே செல்லும் துணிவு பயணியின் நெஞ்சில் மாத்திரம் பிறப்பதன்று. வழியிலுள்ள ஊர்கள் அவனை மனிதனாக மதிப்பதிலிருந்தும் பிறக்கிறது.

நியூ ஓர்லியன்சுக்குப் பின்னர் அவருக்குப் பயணத்தில் மனம் செல்லவில்லை. வேர்ஜீனியாவிலுள்ள அபிங்டன் என்னும் ஊரருகே தம் பயணம் தமக்கு முன்னதாகவே முடிந்துவிட்டது என்று அவர் எழுதுகிறார். அதன்பின் சாலை வெறுஞ் சாலையாயிற்று. எதையும் காணாது வீட்டை நோக்கி விரைந்தார். டிசெம்பர் மாதத் தொடக்கத்தில் நியூ யோர்க்கை அடைந்தவர், மாலைநேர வாகன நெரிசலில் தம் வீட்டுக்கு வழி தெரியாமல் மயங்கினார். நாடு முழுவதும் சுற்றியவர் சொந்த நகரத்தில் வழி தவறி, பொலிஸ்காரர் ஒருவரிடம் அதைச் சொல்லிச் சிரித்ததோடு நூல் முடிகிறது.

பயணக் குறிப்புகளிற் சில 1961இல் 'ஹொலிடே' என்னும் விடுமுறைப் பயணச் சஞ்சிகையில் வெளிவந்தன. 'சார்லியுடன் பயணங்கள்' என்னும் பெயரில் நூல் 1962 ஜூலையில் வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் அந்நூல் தனிவழிப் பயணத்தின் உண்மைச் சித்திரமாகவே போற்றப்பட்டது. 1968இல் அவர் காலமானார். அந்த வண்டியை இன்றும் சலீனாஸ் நகரிலுள்ள ஸ்டைன்பெக் நிலையத்தில் காணலாம்.

2010ஆம் ஆண்டு பில் ஸ்டைகர்வால்ட் என்னும் பத்திரிகையாளர், அந்நூலின் வழியே தாமும் தனியே காரிற் சென்றார். நூலைக் குறைகூறும் நோக்குடன் அவர் புறப்படவில்லை. ஆனால் எழுத்தாளரின் கடிதங்களையும், நியூ யோர்க் மோர்கன் நூலகத்திலுள்ள கையெழுத்துப் பிரதியையும் ஒப்புநோக்கியபோது வேறொரு கதை வெளிப்பட்டது. வீட்டைவிட்டுச் சென்றிருந்த எழுபத்தைந்து நாட்களில் நாற்பத்தைந்து நாட்கள் மனைவி உடனிருந்தார் என்று அவர் கணக்கிட்டார். சியாட்டிலிலிருந்து கலிபோர்னியா வரை எலெய்ன் அதே வண்டியில் வந்ததும், அச்சிட்ட நூலில் அவர் நீக்கப்பட்டதும் தெரியவந்தன. எஞ்சிய இரவுகளிலும் பல விடுதிகளிலே கழிந்தன. வட டகோடாவில் வெட்டவெளியில் தங்கி, ஊர்சுற்றும் நாடகக் கலைஞர் ஒருவரோடு உரையாடியதாக எழுதிய நாளில், அவர் மனைவிக்கு விடுதியொன்றிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். 2012இல் வெளிவந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஜே பரீனி, அந்நூலைச் சொல்லுக்குச் சொல் மெய்யென்று கொள்ளலாகாது என்று கூறவேண்டியதாயிற்று.

இதனை அறிந்த வாசகர் பலர் மனம் நொந்தனர். அவர்கள் நொந்தது நியாயமே. கற்பனைக் கதை என்று கூறியிருந்தால் எவரும் குறை சொல்லார்; உண்மைப் பயணம் என்று கூறிவிட்டுப் புனைந்தது குறையே. தம் நாட்டைப்பற்றி நேரிற் காணாது எழுதுவது நேர்மையன்று என்று புறப்பட்டவர், நிகழாத சிலவற்றை நிகழ்ந்தனவாக எழுதியது வருந்தத்தக்க முரண்பாடு. அதேவேளையில், அவர் உண்மையாகவே கண்டவற்றையும் தள்ளிவிட முடியாது. நியூ ஓர்லியன்ஸ் தெருவில் நிகழ்ந்தது கற்பனையன்று. ரூபி பிரிட்ஜஸ் வளர்ந்து பெரியவராகி, தம் அனுபவங்களைத் தாமே நூலாக எழுதியிருக்கிறார்.

எனினும் இவ்வழக்கில் நாம் கருதவேண்டியது மற்றொன்று. அவர் மறைத்தது எதனை? களவையோ சூதையோ அன்று. நோயிலிருந்து எழுந்த முதிய கணவனோடு மனைவி கூட வந்தாள் என்பதையே மறைத்தார். தனியே சென்றவன் என்னும் பெயரில் ஒரு பெருமை இருக்கிறது; துணையோடு சென்றவன் என்பதில் அப்பெருமை இல்லை என்று அவர் கருதினார் போலும். வழித்துணை தேடுவதை இழிவாகக் கருதாத ஒரு சமுதாயத்தில் அந்தப் பொய்க்குத் தேவையே இருந்திராது. எலெய்னோடு கழித்த நாட்களை உள்ளவாறே எழுதியிருந்தால், வாசகருக்கு ஓர் உண்மை நூல் கிடைத்திருக்கும்; அந்த அம்மையாருக்கும் உரிய இடம் கிடைத்திருக்கும்.

ஆகவே விடுமுறையில் தனியே நெடுவழி செல்ல விரும்புவோரைத் தடுக்கவேண்டியதில்லை. வெறுமையான ஆசனத்தில் புதியவர் வந்து அமர்வர். பழக்கமான பேச்சு ஓயும்போது கேளாத குரல்கள் கேட்கும். ஆனால் புறப்படுவோர் இரண்டை நினைவிற்கொள்வது நலம். வழியில் தம்மால் அச்சமின்றி இறங்கக்கூடிய ஊரில், அவ்வாறு இறங்க முடியாதவர் எவரேனும் உளரோ என்று பார்த்தல் வேண்டும், அது ஒன்று. திரும்பி வந்தபின், சக்கரம் வாங்கித் தந்தவரையும், நாய்க்கு மருந்து கொடுத்தவரையும், பாதிவழி வந்து கைகொடுத்தவரையும் விட்டுவிடாது சொல்லுதல் வேண்டும், அது மற்றொன்று. அவ்வாறு சொல்லத் தொடங்கினால், தனியே போய்வந்தவருக்கும் வழித்துணை எத்தனை பேர் என்பது அவருக்கே தெரியவரும்.